காலைக் கழுவிவிட்டு உள்ளே வரவும்

நம் பிசியோதெரபி ரூம் வாசலில், குழாய்க்கு மேலே, சுவரில் நாலு ஆணி ஓட்டைகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெயிண்ட் அடிக்க வந்தவர்களிடம் அதை மட்டும் அடைக்க வேண்டாம் என்று சொன்னது நான்தான். அங்கே ஒரு தகரப் போர்டு இருந்தது. 'காலைக் கழுவிவிட்டு உள்ளே வரவும்' என்று அதில் எழுதியிருந்தது. எழுதச் சொன்னது நான். ஆணி அடிக்கும்போது நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்ததும் நான். ஒன்பது வருஷம் கழித்து அதைக் கழற்றியதும் நானேதான். அந்த ஒன்பது வருஷத்தில் எத்தனை பேர் விஷயத்தில் தப்பு செய்தேன் என்று எனக்குத் தெரியாது. ஒருத்தி விஷயத்தில் செய்தது மட்டும் தெரியும்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற நீங்கள் மூன்று பேரும் என் வீடு தேடி வந்து, "மேடம், உங்க அனுபவத்துல ஏதாவது எழுதிக் கொடுங்க" என்று கேட்டீர்கள். பக்கவாதம் வந்தவரை நடக்க வைத்த கதை, நடக்காத குழந்தையை நடக்க வைத்த கதை என்று நாலு நல்ல கதை வரும் என்று நினைத்திருப்பீர்கள். அதெல்லாம் எனக்குப் பாதி மறந்துவிட்டது. மறக்காதது இதுதான். படித்துவிட்டு என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

போர்டு ஏன் வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சுத்தப் பைத்தியம் உண்டு. என் வீட்டுக்காரர் இதைச் சொல்லியே முப்பது வருஷம் கிண்டல் செய்தார். காப்பிப் பழம் எடுக்கிற சீசனில் இந்த ஆஸ்பத்திரிக்கு வருகிற கால்களை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை. செம்மண், சாணி, பழத்தின் சாறு எல்லாம் ஒட்டிக்கொண்டு முழங்கால் வரைக்கும் ஏறியிருக்கும். கட்டில் விரிப்பைத் தினமும் மூன்று தடவை மாற்றினேன். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, வாசலிலேயே ஒரு குழாய் வைக்கச் சொல்லி போர்டை மாட்டினேன்.

யாரும் வருத்தப்படவில்லை. இந்த மலையில் வைத்தியம் பார்க்கிறவர் முன்னால் மண்காலோடு வந்து காலை நீட்டுவதை யாரும் விரும்பமாட்டார்கள். போர்டு இல்லாத காலத்திலேயே, "ஏனுங்க, காலு கழுவ எங்கீங்க தண்ணி?" என்று கேட்பார்கள். கழுவுவது என்றால் லேசாக நனைப்பதல்ல. குழாயடியில் ஒரு செங்கல் துண்டு கிடக்கும். அதை வைத்துக் குதிகாலைத் தேய்த்து, விரல் இடுக்கையெல்லாம் நோண்டி, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி கழுவிவிட்டு வருவார்கள். டிசம்பர் மாத ஏற்காட்டுத் தண்ணீரில், அப்படி. எனக்கு மனசு நிறைந்துவிடும். என் ரூம் மாதிரி சுத்தமான ரூம் சேலத்தில்கூட இல்லை என்று பெருமை வேறு.

செல்லாயி வந்தது அப்படியொரு டிசம்பரில். நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் பழம் எடுக்கிறவள், ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். சர்க்கரை வியாதி பன்னிரண்டு வருஷமாக இருக்கிறது என்று சீட்டில் எழுதியிருந்தது. அன்றைக்கு வெளியே பதினாலு பேர் காத்திருந்தார்கள். அவள் முறை வந்ததும், "ஒரு நிமிசமுங்க" என்று குழாயடிக்கு ஓடி, கழுவிய ஈரம் சொட்டச் சொட்ட உள்ளே வந்து கட்டிலில் ஏறினாள். இடது காலின் உள்பக்கம் வீங்கியிருந்தது.

"வலி எப்படி இருக்கு?"

"வலியெல்லாம் இல்லீங்க டாக்டரம்மா. வீக்கந்தான் வடியமாட்டேங்குது. செருப்பு ஏறலீங்க, அதுதான் வந்தேன்."

நான் டாக்டர் இல்லை, பிசியோ என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் அந்த விஷயத்தை விட்டிருந்தேன். அவளை எழுந்து ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னேன். குதிகாலைத் தூக்கச் சொன்னேன். வலதில் தூக்கினாள். இடதில் பாதிகூடத் தூக்க முடியவில்லை, குதிகால் வெளிப்பக்கமாகச் சாய்ந்தது. என் மனசுக்குள் மணி அடித்துவிட்டது. இது எனக்குத் தெரிந்த கதை.

கால் பாதத்தின் உள்பக்கத்தை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இந்த மலையில் அது எப்படி உழைக்கிறது என்று உங்கள் புத்தகத்தில் இருக்காது. சரிவுக்குக் குறுக்கே நின்று நாள் முழுக்கப் பழம் எடுக்கிறவளுக்கு ஒரு கால் மேட்டில் இருக்கும், ஒரு கால் பள்ளத்தில் இருக்கும். மேட்டுப் பக்கத்துக் கால் உள்ளே சரிந்து சரிந்து நிற்கும். பாதத்தின் உள்வளைவை மேலே இழுத்துப் பிடித்திருக்கிற தசைநாண் ஒன்று கெண்டைக்காலிலிருந்து வருகிறதே, உள் கணுவுக்குப் பின்னால் சுற்றி வந்து பாதத்தின் உள்பக்கத்துப் படகெலும்பில் பிடிக்குமே, அதுதான் அந்தச் சுமை முழுவதையும் தாங்கும். வருஷக்கணக்கில் தாங்கி ஒரு நாள் வீங்கும். வாரத்துக்கு இரண்டு பேராவது இந்த உள்கால் வீக்கத்தோடு வருவார்கள். குதிகாலைத் தூக்கி இறக்குகிற பயிற்சி கொடுப்பேன். செருப்புக்குள் உள்பக்கமாக ஒரு மெத்தை வைத்துக் கொடுப்பேன். முக்கால்வாசிப் பேருக்குச் சரியாகிவிடும். எந்தப் பக்கம் திரும்பி நின்று பழம் எடுப்பாய் என்று கேட்டேன். "எடது கை மேட்டுப் பக்கம் இருந்தாத்தான் எனக்கு வாகுங்க" என்றாள். எல்லாம் பொருந்தியது.

படகெலும்பு மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் பலமாக அழுத்தினேன். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. மலைக்காரப் பெண்கள் வலியை வெளியே காட்டமாட்டார்கள் என்பது என்னுடைய மகத்தான கண்டுபிடிப்புகளில் ஒன்று. அதை இங்கேயும் போட்டுக்கொண்டேன். உணர்ச்சி இருக்கிறதா என்று நைலான் நூலால் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். நூல் டிராயரில்தான் இருந்தது. டிராயர் கையெட்டும் தூரம்தான்.

ஆனால் சூடு பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன். சர்க்கரைக்காரர் கால் வீங்கியிருந்தால் புறங்கையால் இரண்டு காலையும் தொட்டு ஒப்பிட வேண்டும் என்று எனக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தொட்டேன். இரண்டும் ஒரே மாதிரி ஜில்லென்று இருந்தன. சீட்டில் 'சூடு இல்லை' என்று எழுதினேன்.

கிளம்பும்போது, ராத்திரி கால் தொந்தரவு கொடுக்கிறதா, தூக்கம் வருகிறதா என்று கேட்டேன். வழக்கமாகக் கேட்கிற கேள்வி.

"தூங்கறதுக்கு என்னங்க. எங்கூட்டுப் பூனதான் விடமாட்டேங்குது. இந்த எடது காலு மேலயே வந்து படுத்துக்குது. தள்ளி வலது பக்கம் உட்டாலும் மறுக்கா இங்கயே வந்துருது. நொம்ப நாளா இதே ரோதனைங்க."

"அதுக்கு உங்க மேல அவ்வளவு பாசம்" என்று சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். குதிகாலைப் பத்துத் தடவை, நாளைக்கு மூன்று வேளை தூக்கு என்று சொல்லி அனுப்பிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

ஒன்பது நாள் கழித்து ஆஸ்பத்திரி மோட்டார் எரிந்துபோனது. காலையிலிருந்து குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. முதலில் வந்தவர் மாரமங்கலத்து விவசாயி ஒருவர், முழங்கால் வலிக்காக வருகிறவர். வாசலில் நின்று போர்டையும் குழாயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தண்ணி வல்லீங்களே. மண்ணுக்காலோட எப்படீங்க வாரது?"

"பரவாயில்ல, வாங்க" என்றேன், எரிச்சலோடுதான். துண்டால் துடைத்துக்கொண்டே கூச்சத்தோடு கட்டிலில் ஏறினார். முழங்காலை மடக்கிப் பார்க்கப் பாதத்தைப் பிடித்தேன். கதகதப்பாக இருந்தது.

கையை எடுக்காமல் அப்படியே நின்றுவிட்டேன். அந்த மனிதர், "என்னங்க, ஏதாச்சும் பெருசா இருக்குதுங்களா?" என்று பயந்துபோய்க் கேட்டார். அவருக்கு ஒன்றும் இல்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்த காலில் இருக்க வேண்டிய சூடுதான் அது. அந்த ரூமில் கதகதப்பான கால் ஒன்றைக் கடைசியாகத் தொட்டது எப்போது என்று யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகமே வரவில்லை. என் ரூமுக்கு வருகிற எல்லாக் காலும் ஜில்லென்றுதான் இருக்கும். மலை, குளிர்காலம், அப்படித்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டிருந்தேன். அட பாவி, நானே வாசலில் குழாய் வைத்து, ஐஸ் தண்ணீரில் கழுவ வைத்து, ஈரம் காயுமுன் தொட்டுப் பார்த்து 'சூடு இல்லை' என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்போது பூனை ஞாபகம் வந்தது.

குளிர் காலத்தில் பூனைக்குப் பாசமும் தெரியாது, செல்லாயியும் தெரியாது. வீட்டில் எந்த இடம் சூடாக இருக்கிறதோ அங்கே போய்ப் படுக்கும். இரண்டு கால் இருக்கும்போது ஒன்றை மட்டும் தேடி வருகிறது என்றால் அது ஒரு கால் மட்டும் கொதிக்கிறது என்று அர்த்தம். சர்க்கரையால் நரம்பு செத்துப்போன காலில், வலி தெரியாமலே எலும்பு உள்ளுக்குள் இளகி உடைகிற வியாதி ஒன்று இருக்கிறதே, அதன் பெயர் உங்களுக்குத் தெரியும். உடைந்துகொண்டிருக்கிற வரைக்கும் அந்தக் கால் சூடாக இருக்கும், வீங்கியிருக்கும், வலிக்காது. வலிக்காததால் நடப்பார்கள். நடக்க நடக்க உள்வளைவு நொறுங்கி இறங்கும். அப்புறம் உள்ளங்கால் நடுவில் எலும்பு துருத்தும், அங்கே புண் வரும், புண்ணில் சீழ் வைத்தால் காலையே எடுக்கிற நிலைமை வரும். அப்படிப்பட்ட காலை நான் குதிகால் தூக்கச் சொல்லியிருக்கிறேன். நாளைக்கு முப்பது தடவை, ஒன்பது நாளாக.

"சித்தே இருங்க" என்று அந்த விவசாயியிடம் சொல்லிவிட்டு வெளியே ஓடினேன். பாவம், அவர் சாயங்காலம் வரைக்கும் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்ததாக அப்புறம் தெரிந்தது.

செல்லாயி நம்பருக்கு அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. நாலு தடவை அடித்தேன். எஸ்டேட் ஆபீஸ் நம்பரைத் தேடிப் பிடித்தேன். கணக்கு எழுதுகிற ரைட்டர் எடுத்தார்.

"செல்லாயிங்களா? காட்டுல பழம் எடுக்கறாங்க. சாயங்காலம் வந்ததும் சொல்லட்டுங்களா?"

"இப்பவே சொல்லுங்க. உட்காரச் சொல்லுங்க."

"எங்கீங்க உக்கார?"

"நிக்கிற இடத்துலயே! ஒரு அடி எடுத்து வைக்கக்கூடாது. நான் வர்றேன்."

"சரீங்க, ஆளை அனுப்பறனுங்க" என்றார். இந்தம்மாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்.

ஆஸ்பத்திரி ஜீப் சேலத்துக்குப் போயிருந்தது. பஸ் ஸ்டாண்டில் நின்ற ஆட்டோவில் ஏறினேன். நாகலூர் ரோட்டின் வளைவுகளை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். வேகமாகப் போ என்றால் பயமாக இருக்கிறது, மெதுவாகப் போனால் அதைவிடப் பயமாக இருக்கிறது. அவள் இப்போது ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போகிறாள், ஒரு அடி. கூடையைத் தூக்குகிறாள், இன்னொரு அடி. ஒவ்வொரு அடிக்கும் படகெலும்பு என்ன ஆகிறது என்று என் மூளை படம் போட்டுக் காட்டிக்கொண்டே வந்தது. படித்த படிப்பு அன்றைக்குத்தான் எனக்கு எதிரியாக இருந்தது. நடுவில் ஒரு கேவலமான நினைப்பும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒருவேளை நான் பயப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லாமல் போனால்? பூனை சொன்னதைக் கேட்டு பிசியோதெரபி மேடம் ஆட்டோ பிடித்து ஓடினாள் என்று ஏற்காடு முழுக்கச் சிரிக்குமே. பாதி வழியில் ஆட்டோவைத் திருப்பச் சொல்லலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. சிரித்தால் சிரிக்கட்டும் என்று முடிவு செய்ய எனக்கு இரண்டு வளைவு தேவைப்பட்டது.

ரைட்டர் ஆபீஸ் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். காட்டு விளிம்புக்குக் கூட்டிப்போனார். கீழே சரிவு முழுக்கக் காப்பிச் செடி, நடுநடுவே சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி. அடிவாரத்தில் பத்துப் பதினைந்து பெண்கள் நின்றார்கள். ஒருத்தி மட்டும் தனியாக, செடிகளுக்கு நடுவே, எங்களைப் பார்த்து மேலே ஏறி வந்துகொண்டிருந்தாள்.

"உக்காரச் சொன்னீங்கன்னு சொன்னேங்க" என்றார் ரைட்டர். "டாக்டரம்மா நம்மளத் தேடி வாராங்க, அவங்களப் போயி எறங்க வெக்கறதாங்கறாங்க. கேக்கவே மாட்டேங்கறாங்க."

மரியாதை! நான் இறங்கி வரக்கூடாது என்று அவள் ஏறுகிறாள். அந்தச் செங்குத்தான சரிவில், அந்தக் காலை ஊன்றி ஊன்றி.

"ஏறாதீங்க!" என்று கத்தினேன். அந்தக் காற்றில் அவளுக்கு என்ன கேட்டதோ, கையை ஆட்டிவிட்டு இன்னும் வேகமாக ஏறினாள். "நில்லுங்க! அப்படியே நில்லுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அது கேட்டுவிட்டது. நின்றாள். நின்று, தன் காலைக் குனிந்து பார்த்தாள். அப்புறம் பக்கத்தில் மருந்தடிக்கத் தண்ணீர் பிடித்து வைத்திருந்த டிரம்மைப் பார்த்தாள்.

"இருங்க டாக்டரம்மா, காலு கழுவிட்டு வந்தர்றேன்!"

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்துவிட்டன. "கழுவாதீங்க, தாயே!" என்று கத்திக்கொண்டே சரிவில் இறங்கினேன். பாதி தூரம் நடந்தேன், மீதித் தூரம் சேலையோடு சறுக்கினேன். ஐம்பத்தாறு வயதில், சுத்தப் பைத்தியம் பிடித்த நான், செம்மண்ணில் உட்கார்ந்தபடியே சறுக்கிக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உட்கார வைத்து, மண்ணோடு அந்த இரண்டு காலையும் பிடித்தேன்.

வலது காலில், மேடேறி வந்த காலுக்கு உரிய கதகதப்பு மட்டும் இருந்தது. இடது கால், உள் கணுவிலிருந்து பாதத்தின் நடு வரைக்கும், காய்ச்சல் அடிக்கிற குழந்தையின் நெற்றி மாதிரி சுட்டது.

என் முகத்தைப் பார்த்து அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"வலியே இல்லீங்களே, டாக்டரம்மா."

"வலி இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும், செல்லாயி. உள்ள எலும்பு உடையுது. உங்களுக்குத் தெரியல. இனிமே இந்தக் காலைக் கீழ ஊனக்கூடாது."

"பத்துத் தடவை தூக்கச் சொன்னீங்களே, வெரசாச் சரியாகட்டும்னு நான் இருவது பண்ணிப்போட்டேனுங்க" என்றாள். குற்றம் சொல்வதற்காகச் சொல்லவில்லை. தான் ஏதோ அதிகமாகச் செய்து கெடுத்துவிட்டோம் என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னாள். அந்தக் குரல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

அவளை எப்படி மேலே கொண்டுபோவது? ஆட்டோ மேலே நிற்கிறது. தோளில் கை போட்டு ஒற்றைக் காலில் குதித்து வரட்டும் என்றார் ரைட்டர். அந்தச் சரிவில் ஒரு தடவை தடுமாறினால் இடது கால்தான் முதலில் ஊன்றும், வேண்டாம் என்றேன். மரத்தில் மிளகு எடுக்கச் சாத்தியிருந்த மூங்கில் ஏணி ஒன்று கண்ணில் பட்டது. அதைக் கொண்டுவரச் சொல்லி, மேலே நாலு சாக்கை விரித்து, ஏறிப் படு என்றேன்.

செல்லாயி மாட்டேன் என்றுவிட்டாள். அதற்குள் மற்ற பெண்கள் எல்லாம் சுற்றி நின்றார்கள். "செத்தவளத் தூக்கறாப்பல ஏணில தூக்கறதுங்களா? நல்லா நடக்கற ஆளு நானு. ஊரு என்னங்க பேசும்?"

சமாதானமாகச் சொன்னேன், கேட்கவில்லை. பயமுறுத்தினேன், கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்தால் என்ன ஆகும் என்று உங்கள் சீனியர்களைக் கேளுங்கள். வாயைத் திறந்தேன். ஆனால் வேறு ஒன்று வந்துவிட்டது.

"தப்பு என்னோடது, செல்லாயி. நான்தான் சரியாப் பாக்கல. நான்தான் அந்தக் காலைத் தூக்கி எறக்கச் சொன்னேன். நீங்க பூனையைப் பத்திச் சொன்னப்ப நான் சிரிச்சேன். இன்னும் ஒரு அடி நீங்க வெச்சாலும் அது நான் பண்ணினதாத்தான் இருக்கும். என்னால அதைப் பாத்துக்கிட்டு நிக்க முடியாது."

பதினைந்து பேர் முன்னால், அதில் என்னிடம் வைத்தியம் பார்த்த நாலு பேர் இருந்தார்கள், அவர்கள் முன்னால் சொன்னேன். ஒரு நோயாளியிடம் இப்படிச் சொல்லலாமா கூடாதா என்று உங்கள் காலத்தில் ரூல்ஸ் இருக்கலாம். எனக்கு யோசிக்க நேரம் இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைக்கப் போனால் கை முழுக்க மண்.

செல்லாயி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "சாமி, நீங்க அழுவாதீங்க. நான் ஏறிக்கறேன்" என்றாள். முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு ஏணியில் படுத்தாள். ஆறு பெண்கள் தூக்கினார்கள், நான் இடது காலைக் கையில் ஏந்திக்கொண்டு பக்கத்திலேயே ஏறினேன். வழியெல்லாம் என் உள்ளங்கை சுட்டது.

சேலத்தில் எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். படகெலும்பில் விரிசல். அதற்கு முன்னால் இருக்கிற மூட்டு தளர ஆரம்பித்திருந்தது. வளைவு இன்னும் முழுதாக இறங்கவில்லை. "இன்னும் ஒரு வாரம் நடந்திருந்தா" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். சீட்டைப் புரட்டிவிட்டு, "யாரு இதுக்கு எக்சர்சைஸ் கொடுத்தது?" என்று கேட்டார். நான்தான் சார் என்றேன். அவர் குனிந்து மாவுக்கட்டுக்கு எழுதினார். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் போர்டைக் கழற்றினேன். ரூம் இப்போது எப்படி நடக்கிறதோ அந்த வழக்கம் அன்றைக்கு ஆரம்பித்ததுதான். வருகிறவரை முதலில் பெஞ்சில் உட்கார வைத்து, காலைத் திறந்து வைத்து, கால்மணி நேரம் சும்மா விட வேண்டும். தொட்டுப் பார்த்து முடித்த பிறகுதான் கழுவ வேண்டும். விரிப்பு அழுக்கானால் ஆகட்டும், மாற்றிக்கொள்ளலாம். நீங்கள் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் இந்த ஜனங்கள் குழாயைத் தேடிப் போவார்கள், அதனால் வாசலிலேயே நின்று கூப்பிட்டு உட்கார வையுங்கள். நம் வசதிக்காக நாம் வைக்கிற எந்த ஏற்பாடும் நோயாளியின் உடம்பில் எதையாவது மாற்றுகிறதா என்று ஒரு தடவையாவது கேட்டுப் பாருங்கள். நான் ஒன்பது வருஷம் கேட்கவில்லை.

செல்லாயிக்கு நாலு மாசத்துக்கு மேல் மாவுக்கட்டு. கட்டை மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் கருவியை வைத்து இரண்டு காலின் சூட்டையும் அளப்பார்கள். குறைந்திருக்கும், ஆனால் போதுமான அளவு குறைந்திருக்காது. மறுபடி கட்டு. நான் வாரம் ஒரு தடவை அவள் வீட்டுக்குப் போனேன். போகிற வழியெல்லாம், காலை ஊன்றியிருப்பாளோ, வலிக்கவில்லையே என்று நாலு அடி நடந்திருப்பாளோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். வீட்டு வாசலில் அவள் செருப்பு தூசி படிந்து கிடக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். தூசி இருந்தால்தான் எனக்கு மூச்சு வரும். "பூனக்கு என்ற மேல இப்பக் கோவமுங்க" என்பாள் செல்லாயி. "மாவுக்கட்டு சில்லுன்னு இருக்குதாட்ட, கிட்டயே வாரதில்ல."

கட்டைப் பிரித்தபோது உள்வளைவு கொஞ்சம் இறங்கியிருந்தது, ஆனால் இருந்தது. கால் இருந்தது. பிரித்து நாலாம் நாள் நான் போனேன். சேலத்தில் அளந்து இரண்டும் ஒன்று என்று சொல்லிவிட்டார்கள், ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை. கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி, கடைசியில் கேட்டேவிட்டேன்.

"பூனை எங்க படுக்குது, செல்லாயி?"

"அடுப்படிக்குப் போயிருச்சுங்க" என்று சொல்லி அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அன்றைக்கு நான் வீட்டுக்குப் போய் ஒரு முழுத் தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

அன்றைக்கு அவளிடம் ஒன்று சொல்லியிருந்தேன். ஒரு கால் இப்படிப் போனால் அத்தனை நாள் பாரத்தைத் தாங்கிய மறுகாலுக்கும் வரலாம், எப்போதும் கவனமாக இரு என்று. தலையை ஆட்டினாள். எல்லோரும் ஆட்டுவார்கள். அவளுக்கென்று தைத்த செருப்போடு எஸ்டேட்டில் உட்கார்ந்து பழம் தரம் பிரிக்கிற வேலைக்குப் போனாள். இரண்டு வருஷம் ஒரு குறையும் இல்லை.

நான் ரிட்டயர் ஆவதற்குப் பத்து நாள் இருக்கும்போது, காலை ஏழரை மணிக்கு, காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. செல்லாயி.

"டாக்டரம்மா, பூன மறுக்கா வந்துருச்சுங்க."

அடுப்பை அணைத்தேன். "எந்தக் காலுக்கு?"

"வலது காலுக்குங்க. மூணு நாளா வருது. நேத்து பலமா யோசன பண்ணினேன், இன்னைக்குக் கூப்புட்டுட்டேன்."

"நடந்தீங்களா? எவ்வளவு நடந்தீங்க? இப்ப எங்க இருக்கீங்க?" என்று ஒரே மூச்சில் கேட்டேன்.

"பதறாதீங்க. கட்டல உட்டு எறங்கலீங்க நானு. ரைட்டருக்கு அப்பவே சொல்லிப்போட்டேன், ஏணியக் கொண்டாரச் சொல்லியிருக்குது. நீங்க மெதுவா வாங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டு அவளே சொன்னாள். "காலு கழுவலீங்க. அப்புடியே வெச்சிருக்கறேன், வந்து தொட்டுப் பாருங்க."